பகலில் தூங்குகிறவர்களின் கூரை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை வாடகைக்கு அறை கட்டி விட்டிருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்



நான் இந்தப் பக்கத்தில் சின்னக் கட்டட வேலைகளுக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுக்கிறவன். மாத்தூர், வல்லம், எறையூர், பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம், சுங்குவார்சத்திரம் என்று எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நாலு அறை, மொட்டை மாடியில் இரண்டு அறை என்று எழும்பிக்கொண்டே இருக்கின்றன. சுவர் எழும்பி லிண்டல் மட்டம் தாண்டியதும் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: “மேலே என்ன போடலாம்?” சைட்டில் நின்றபடி அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. வெல்டர் காத்திருப்பார், கடைக்காரர் போனில் விலை சொல்லிக்கொண்டிருப்பார். கடைசியில் எது சல்லிசோ அது ஏறிவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்தது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான், 2012இல் டைம்லர் லாரி. ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பங்களுக்கு நிலம் போன பிறகு மிஞ்சிய வருமானம் பல வீடுகளில் இந்த அறைகள்தான். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடியதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாளைக்கு எந்த ஆலை இருக்கும், எது போகும் என்று தெரியாதபோது கடன் வாங்கித் தளம் போட யோசிப்பது இயல்பு. ஷீட் என்றால் வேண்டாதபோது கழற்றி விற்கலாம். இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. அந்தக் கணக்கில் விட்டுப்போகிற ஒன்றைச் சேர்க்கத்தான் இந்தக் கடிதம்.

ஷீட்டுக்கு ஆதரவாகக் காலம் காலமாகச் சொல்லப்படுவது இது: பகலில் சுடும், சாயங்காலம் ஆறிவிடும், ராத்திரி படுக்கப் பிரச்சினை இல்லை. உழவு வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிற ஊரில் அது சரிதான். பகலில் வீட்டுக்குள் யார் இருந்தார்கள்? நம் பகுதியின் நிலைமை வேறு. ஆலைகள் ஷிஃப்டில் ஓடுகின்றன. ராத்திரி முழுக்க லைனில் நின்றுவிட்டு காலை ஏழரை மணிக்கு அறைக்கு வரும் பையன் குளித்துச் சாப்பிட்டுப் படுக்க ஒன்பதாகிறது. அவன் நன்றாகத் தூங்க வேண்டிய நேரம் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. ஷீட் உச்சமாகக் காய்வதும் அப்போதுதான். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள், பெண்களும் ஆண்களுமாக, உங்கள் அறைகளில் அந்த நேரத்தில் படுத்திருக்கிறார்கள். அதனால் இந்தப் பகுதியில் ஒரு கூரை நல்லதா கெட்டதா என்பதைப் பகல் இரண்டு மணிக்குப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சூட்டை அளந்தே பார்க்கலாம். வெயில் தெளிவாக அடிக்கும் நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கூரையின் மேல் விழும் வெயிலின் வலு ஏறக்குறைய 1000 வாட். பத்துக்குப் பத்து அறையின் கூரை 9 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் அந்த ஒரு அறையின் தலைக்கு மேல், ஒன்பது இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் போட்டு வைத்த அளவு சூடு இறங்குகிறது. அதில் எவ்வளவு திரும்பிப் போகிறது, எவ்வளவு உள்ளே வருகிறது என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: மேல்பரப்பின் நிறம், அடியில் இருக்கும் தடுப்பு, இடையில் காற்று வெளியேற வழி. எந்தப் பொருளைப் போடுகிறோம் என்பது அதற்குப் பிறகுதான்.

‘ஃபேன் இருக்கிறதே’ என்று சொல்வீர்கள். மனிதத் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. அறைக் காற்று அதற்கு மேல் போய்விட்டால் ஃபேன் உடம்பின் மேல் சூடான காற்றைத்தான் தள்ளும். வியர்வை உலர்வதில் கிடைக்கும் குளிர்ச்சி மட்டும்தான் மிச்சம். அதோடு, காய்ந்த ஷீட் காற்றைத் தொடாமலே நேராக உடம்பின் மேல் வெப்பத்தை வீசும். அதை எந்த ஃபேனும் தடுக்காது. மே மாதத்தில் நனைத்த துண்டை மேலே போட்டுக்கொண்டு படுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இரண்டு மணி நேரம் கண்ணை மூடிவிட்டு அன்று ராத்திரி பிரஸ் ஷாப்பில் போய் நிற்பவனின் விரல்களை நினைத்துப் பாருங்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. வெயில் என்றால் சாலையில் நடக்கிறவனை மட்டும் தாக்குவது என்று இனிமேலும் நினைக்க முடியாது.

இனி பொருள்களுக்கு வருகிறேன். ஷிங்கிளை முதலில் எடுக்கிறேன், இப்போது அதைக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒரகடம் சாலையில் வரும் வில்லா மனைகளின் மாதிரி வீடுகளில் போர்ட்டிகோவின் மேல் சரிவாக, செதில் செதிலாக, சிவப்பிலோ சாம்பலிலோ ஒன்று தெரிகிறதே, அதுதான். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று அஸ்பால்ட் ஷிங்கிள்: கண்ணாடி இழைப் பாயைத் தாரில் தோய்த்து மேலே கல் துகள் தூவியது. இன்னொன்று காம்போசிட் ஷிங்கிள்: பிளாஸ்டிக், ரப்பர், கல்மாவு போன்றவற்றைக் கலந்து மரப்பலகை போலவோ கற்பலகை போலவோ அச்சில் வார்த்தது. அஸ்பால்ட் விலை குறைவு, இருபது முப்பது ஆண்டு வரும் என்பார்கள். காம்போசிட்டுக்கு விலை பல மடங்கு, ஐம்பது ஆண்டு வரைகூட உத்தரவாதம் தருகிறார்கள். அமெரிக்காவில் இந்த இரண்டில் எது என்று வீடு வீடாக அலசுகிறார்கள். பனியும் ஆலங்கட்டியும் விழும் ஊரில் அதற்கு அர்த்தம் இருக்கிறது.

நம் வாடகை அறைக்கு இரண்டுமே பொருந்தாது. காரணத்தையும் சொல்கிறேன், வெறும் மறுப்பாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஷிங்கிள் தானாக நிற்காது. அடியில் முழுக்க ஒரு பரப்பு வேண்டும், பிளைவுட்டோ சரிவான கான்கிரீட்டோ. கான்கிரீட்டே போடுவதென்றால் கூரை ஏற்கெனவே இருக்கிறது, ஷிங்கிள் அழகுக்குத்தான். பிளைவுட் போட்டால் நம் மழைக்கும் கரையானுக்கும் அதைக் காப்பது தனிப் பாடு. அஸ்பால்ட் ஷிங்கிள் விழுகிற வெயிலில் பெரும்பங்கைக் குடித்துவிடும். வெயில் காலத்தில் அந்தத் தார் இளகி, துகள் உதிர்ந்து, அங்கங்கே வழுக்கை விழும். வில்லா முகப்பில் ஆசைக்குப் போட்டுக்கொள்ளுங்கள். படுக்கிற அறைக்கு மேல் வேண்டாம். இதே தாரில் நெளி நெளியாக வரும் ஷீட்டும் சந்தையில் உண்டு. மழைச் சத்தம் அதில் குறைவு என்பது உண்மை. ஆனால் அடியில் தாங்கும் ரீப்பர் சட்டங்களை நெருக்கி அடிக்காவிட்டால் வெயிலில் தொய்ந்துபோகும்.

இப்போது நம் ஊரில் உண்மையிலேயே ஏறுகிற கூரை: சிமெண்ட் ஷீட், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். கொஞ்சம் நிதானமாகப் படிக்கும்படி இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

இதைப் போட்ட உங்கள் அப்பாமார்கள் தவறு செய்யவில்லை. கீற்றுக் கூரைக்குத் தீ பயம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கீற்றுக் கொட்டகை எரிந்து 94 குழந்தைகள் இறந்த பிறகு, கீற்று என்றாலே மக்கள் நடுங்கினார்கள். எரியாது, அரிக்காது, கரையான் ஏறாது, விலையும் கைக்கு எட்டும் என்று வந்து நின்றது இந்த ஷீட். அதுவும் ஒரு காம்போசிட்தான்: சிமெண்டோடு பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கல்நார் இழை. அந்த இழைதான் ஷீட்டுக்குப் பலம். தூசியாகிப் பறந்து நுரையீரலுக்குள் போனால் வெளியே வராமல் அங்கேயே தங்கிவிடுவதும் அதே இழைதான். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றும், மூச்சு சுருங்கும் ஆஸ்பெஸ்டோசிஸும் அதனால் வருகின்றன. வெளியே தெரிய இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகூட ஆகும். இன்று ஷீட் அறுக்கிற இருபது வயதுப் பையனுக்கு ஐம்பது வயதில் வந்தால் யார் அதை உங்கள் கூரையோடு முடிச்சுப் போடப் போகிறார்கள்? அதனால்தான் ‘எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே’ என்ற பதில் இங்கே உதவாது.

கடையில் ‘வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் ஒன்றும் செய்யாது’ என்று சொல்வார்கள். நம் நாட்டில் ஷீட்டுக்குப் பயன்படும் கிரைசோடைல் அதுதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் கிரைசோடைல் உட்பட எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இலேயே தடை செய்துவிட்டது. அமெரிக்கா கிரைசோடைலை 2024 மார்ச்சில் தடை செய்தது. இந்தியாவில் ஷீட் செய்யவும் விற்கவும் தடை இல்லை. இழை ரஷ்யாவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் இறக்குமதியாகிறது. அரசு தடுக்காததால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். 2018 ஜனவரியிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதாக இலங்கை அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களில் இலங்கை தன் கட்டுப்பாட்டைத் தள்ளி வைத்தது, ரஷ்யாவும் தேயிலைத் தடையை நீக்கியது. மலையகத்தில் தேயிலை பறிக்கும் நம் மக்களின் பிழைப்பும் கூரைக்கு அடியில் வாழ்கிறவர்களின் நுரையீரலும் எப்படி ஒரே தராசில் ஏறின என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பொருள் சட்டப்படி விற்கப்படுவதற்குப் பின்னால் வணிகமும் இருக்கிறது.

ஏற்கெனவே ஆஸ்பெஸ்டாஸ் போட்டிருப்பவர்கள் பயந்துகொண்டு நாளைக்கே உடைத்துப் போட்டுவிடாதீர்கள். உடையாமல், அறுக்காமல், துளைக்காமல் இருக்கும் ஷீட்டிலிருந்து இழை வெளியேறுவது மிகக் குறைவு. ஆபத்து அதைக் கையாளும்போதுதான். கேபிள் இழுக்க டிரில் போடாதீர்கள். பாசியை இரும்பு பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். கழற்றும்போது தண்ணீரில் நன்றாக நனைத்து, போல்ட்டை எடுத்து முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டி உடைத்து, அந்தத் துண்டுகளைச் சேற்றுப் பாதையில் நிரவுவதை நம் தெருக்களில் நிறையப் பார்க்கிறேன். வண்டி ஏற ஏற அது தூளாகிறது, குழந்தைகள் அதன் மேல் விளையாடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் நிறுத்துங்கள். இன்னொன்றும் உண்டு: பழைய ஷீட்டின் மேல் யாரையும் நேராக ஏற விடாதீர்கள். பார்க்கத் திடமாக இருக்கும், கால் வைத்ததும் பொத்துக்கொள்ளும். குறுக்கே பலகை போட்டு, ரீப்பர் வரிசையின் மேல்தான் நடக்க வேண்டும்.

புதிதாகப் போடுகிறவர்கள் சிமெண்ட் ஷீட்தான் வேண்டும் என்றால், ஆஸ்பெஸ்டாஸ் இல்லாமல் வேறு செயற்கை இழை கலந்து செய்தது கிடைக்கிறது. விலை கூடுதல், எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது, சொல்லி வரவழைக்க வேண்டும். ஆனால் அதே ஆணி, அதே ரீப்பர், அதே ஆட்கள்.

தகர ஷீட்டுக்கு வருவோம், இப்போது பாதிக்கு மேல் கேட்கப்படுவது அதுதான். அலுமினியமும் துத்தநாகமும் பூசிய மெல்லிய எஃகு, அதன் மேல் கலர். சிமெண்ட் ஷீட்டில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கும், துருவும் சீக்கிரம் பிடிக்காது. நுரையீரல் கணக்கில் இதில் பயமில்லை. சூட்டுக் கணக்கில்தான் நிறைய இருக்கிறது. கலர் பூசாத பளபள ஷீட் வெளிச்சத்தைத் திருப்பியடித்தாலும், வாங்கிய சூட்டை வெளியே விடுவதில் கஞ்சத்தனம் காட்டும், அதனால் கொதித்துக்கொண்டே இருக்கும். நம் ஊரில் எல்லாரும் விரும்புகிற கருநீலமும் மெரூனும் இன்னும் மோசம், விழுகிற வெயிலில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெள்ளை அல்லது பால் நிறத்தை எடுங்கள். புதிதாக இருக்கும்போது பாதிக்கு மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும். அழுக்கு படியும்தான், மார்ச் பிறக்கும்போது தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டால் போதும். நிறத்தை மாற்றிச் சொல்வதற்குப் பெரும்பாலும் ஒரு ரூபாய்கூடக் கூடுவதில்லை.

பழைய கூரைக்கும் இது பொருந்தும். வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட்டை இப்போது பெயின்ட் கடைகளிலேயே கேட்டு வாங்கலாம். தெலங்கானா 2023இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. ஆமதாபாத்தில் ஏழைக் குடியிருப்புகளின் தகரக் கூரைகளுக்குப் பல ஆண்டுகளாக வெள்ளை அடித்துவருகிறார்கள். இதெல்லாம் நமக்குப் புதிதும் அல்ல. மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடிப்பதும், செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்பில் குழைத்துத் தட்டோடு பதிப்பதும் சென்னை வட்டாரத்துக் கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தவைதான்.

நிறத்துக்கு அடுத்தது இடைவெளி. ஷீட்டுக்குக் கீழே ஒரு ஃபால்ஸ் சீலிங், இரண்டுக்கும் நடுவில் அரை அடியாவது காற்று, அந்தக் காற்று இரண்டு பக்கச் சுவரிலும் வெளியேற ஜாலித் துளை. இது இல்லாமல் சீலிங்கை மட்டும் அடைத்தால் சூடு அங்கேயே தேங்கி மெல்ல மெல்ல இறங்கும். ஜிப்சம் போர்டு நல்லது. தெர்மாகோல் அட்டை ஒட்டுவதை நான் எங்கேயும் ஒப்புக்கொள்வதில்லை. தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கறுத்த நச்சுப் புகை விடும். ஒரே கதவு உள்ள அறையில் நாலு பேர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஷீட்டின் மேல் கீற்றை விரிப்பதும் அப்படித்தான். குளிர்ச்சி நிஜம், தீ பயமும் நிஜம். அதற்குப் பதில் சுரைக்கொடியோ பூசணிக்கொடியோ ஏற்றிவிடுங்கள், சிமெண்ட் ஷீட்டின் மேலும் தாராளமாகப் படரும்.

கொஞ்சம் அதிகம் செலவழிக்க முடிந்தவர்களுக்குப் பஃப் பேனல் இருக்கிறது: இரண்டு தகரத் தகடு, நடுவில் இரண்டு அங்குல அளவில் நுரை. நுரை இருப்பதால் இதிலும் தீத்தடுப்பு உள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்கள் வேலை செய்யும் ஆலைக் கூரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று. பெரும்பாலும் தகரத்துக்குக் கீழே கண்ணாடிக் கம்பளியோ வெள்ளிப் பாயோ விரித்திருப்பார்கள், மேலே டர்போ வென்டிலேட்டர் சுற்றும். இயந்திரத்துக்கும் பெயின்ட் பூச்சுக்கும் வெப்பம் ஆகாது என்று கவனமாகச் செய்கிறார்கள். அந்த இயந்திரத்தை ஓட்டுகிற உடம்பு பகலில் ஓய்வெடுப்பது நம் கூரைக்கு அடியில். அந்தக் கவனத்தில் கொஞ்சம் நாமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கான்கிரீட் தளம் போட்டவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். தளம் வெயிலை மெல்ல வாங்கி மெல்ல விடும். பகலில் ஷீட்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் சாயங்காலத்திலிருந்து நள்ளிரவு வரை கீழே சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும், இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் அதில்தான் வேகிறான். தளத்துக்கு மேல் வெள்ளை ஓடு பதித்தால் இதில் பெரும்பகுதி தீரும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். அன்று எத்தனை ஷீட் பறந்தது என்று நம் பகுதியில் எல்லாருக்கும் நினைவிருக்கும். கட்டட விதித் தொகுப்பு சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் காற்று வேகத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நம் பகுதியும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. புயல் காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட, மேலே இழுத்துத் தூக்குவதுதான் அதிகம். அதுவும் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் மிகவும் பலம். தகரம் எடை குறைவு, சீக்கிரம் தூக்கிவிடும். மேலே செங்கல்லும் மணல் மூட்டையும் வைப்பது பாதுகாப்பு அல்ல. புயலில் அதுவே யார் தலையிலாவது விழும். ஓர வரிசைகளில் திருகாணியை இரட்டிப்பாக்குங்கள். ரீப்பர் பைப்பையே சுவரில் பதித்த கம்பியோடு வெல்டு செய்யச் சொல்லுங்கள். ஷீட் ரீப்பரைப் பிடித்திருக்க, ரீப்பரை யாரும் பிடிக்காமல் விடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற குறை. ரப்பர் வாஷர் இரண்டு மூன்று வெயிலில் வெடித்துவிடும், ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறந்தார்கள். பெரிய காரியம்தான். ஆனாலும் இந்தப் பகுதியின் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இன்னும் உங்கள் அறைகளில்தான் இருக்கிறார்கள், இனியும் இருப்பார்கள். அப்படி ஒரு கட்டடம் பக்கத்தில் வந்தபின் வெக்கையான அறை எத்தனை நாள் நிரம்பும் என்பதையும் யோசியுங்கள். வெள்ளை ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் ஆகிற கூடுதல் செலவை, ஆள் மாறாமல் அறை ஓடுகிற மாதங்களோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்களில் சிலர் அதை மட்டும் வைத்து முடிவெடுத்தாலும் எனக்குச் சந்தோஷமே.

கடைக்குப் போகும்போது மூன்றே விஷயம். சிமெண்ட் ஷீட் என்றால் ‘ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது, ஐஎஸ் 14871’ என்று சொல்லிக் கேளுங்கள். ஐஎஸ் 459 என்று அச்சிட்டிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ். தகரம் என்றால் வெள்ளை நிறத்தையும் தடிமனையும் பில்லில் எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல் வேண்டாம். வாங்கும் முன், மே மாதத்தில் ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு, இப்போதிருக்கும் அறை ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள். ஷிஃப்டில் தூங்குகிற பிள்ளைகளை எழுப்பிவிடாமல், காலியாக இருக்கும் அறையில்.

அன்புடன்,
உங்கள் ஊர்களில் எஸ்டிமேட் போடும் ஒருவன்